மூன்றாவது குளத்துத் தண்ணீர்

சுண்ணாம்பு லாரி ஓட்டுகிறவனுக்கு நல்ல சட்டை எதற்கு என்று முதலாளி ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தத் தூள் மூக்கு, காது, இமை மயிர், சோற்றுப் பாத்திரம் என்று ஓரிடம் பாக்கி விடாது. வியர்வை பட்டால் எரியும். கழுவப் போனால் அதைவிட எரியும். பத்தொன்பது வருடமாக இதே பிழைப்பு. எரிச்சல் என் தோலில் இருக்கிறதா, குணத்தில் இருக்கிறதா என்று என் மனைவிக்கே இப்போது தெரியவில்லை. அதனால் இந்தக் கதையில் நான் யாரையாவது ஏசினால் பாதிப் பழியைச் சுண்ணாம்பின் மேல் போட்டுவிடுங்கள். மீதிப் பாதி அவர்களுக்கு வேண்டியதுதான்.

செவ்வாயும் வெள்ளியும் பழைய சுரங்கத்துக்கு நாற்பது மூட்டை கொண்டுபோவேன். ஓடையை ஒட்டிய மண்சாலையில் இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறினால் முதலில் ஒரு மதகு வரும், அதற்கு மேல் படிப்படியாக மூன்று குளங்கள், அதற்கும் மேலே தகரக் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் இருநூறு படி ஏறினால் சுரங்கத்தின் வாய். சுரங்கத்தை மூடி முப்பது வருடம் இருக்கும். தோண்டியவர்கள் செம்பை எடுத்துக்கொண்டார்கள், இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டார்கள், வாசலில் ஒரு இரும்புக் கதவைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கதவு ஆளைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்குமா? மலைக்குள் ஊறிய தண்ணீர் கல்லைக் கரைத்து, புளித்து, கதவிடுக்கு வழியாக ஓயாமல் வந்துகொண்டிருந்தது. கடுந்தேநீர் நிறம். ஒருதடவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆணியைச் சப்பின மாதிரி இருந்தது. ஏன் வைத்தாய் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

அந்தத் தண்ணீரைக் காவல் காத்தவர்தான் பால்காரர். மாடு ஒன்றுகூட இல்லாத பால்காரர். சுண்ணாம்பைத் தொட்டியில் கரைத்தால் வெள்ளையாகப் பால் போல வரும். அதைக் குழாய் வழியாகச் சுரங்கத் தண்ணீரில் விடுவதுதான் அவர் வேலை. ஊர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. நாளைக்குப் பதினோரு மூட்டை. சுண்ணாம்பு சேர்ந்ததும் தண்ணீரில் இருக்கிற இரும்பெல்லாம் மஞ்சள் திப்பியாகத் திரளும். முதல் குளத்தில் திப்பி இறங்கும், இரண்டாவதில் மங்கல் தெளியும், மூன்றாவது குளத்தில் விழுந்த காசைக் குனிந்து பொறுக்கலாம், அவ்வளவு தெளிவு. மேலிருந்து கீழே வந்துசேரத் தண்ணீருக்கு நாலு நாள் ஆகும். எவ்வளவு சுண்ணாம்பு விட வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு கருவி இருந்தது. அது இரண்டாம் வருடமே மண்டையைப் போட்டது. அதிலிருந்து அவர் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு, வெளிச்சத்தில் பிடித்து, முப்பது எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் மஞ்சள் அடியில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் இன்னொரு மூட்டை. ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட அந்த மதகைத் தாண்டி நிறம் போனதில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்ததால் அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். எனக்கு ஐம்பது வயது ஆகியும் இரண்டு பேருக்கும் நான் தம்பிதான். மதகுக்குக் கீழே அரை மைல் தள்ளி, ஓடைக்கரையில் அக்காவின் சலவைக்கூடம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, விடுதித் துண்டு, மேசைத்துணி, எல்லாம் வெள்ளை. மோட்டார் வைத்து ஓடையிலிருந்துதான் தண்ணீர். குளம் வெட்டுவதற்கு முன்னால் ஒருதடவை சலவைக்கூடம் நடத்தி, முந்நூறு விரிப்பு ஒரே நாளில் துருக்கறை பிடித்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூடினார்களாம். துருக்கறை லேசுப்பட்டது இல்லை. பிளீச்சிங் போட்டால் போகாது, இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குளம் வந்த பிறகு மறுபடி திறந்தார். துணைக்கு நாத்தனார், அதாவது பால்காரரின் தங்கை. புருஷன் போன பிறகு அண்ணன் வீட்டோடு வந்துவிட்ட பெண். அவர் வாயைக் கட்டுவதைவிட அந்தச் சுரங்கத்தின் வாயைக் கட்டுவது சுலபம்.

பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை. மூட்டைகளை இறக்கிவிட்டுக் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தோம். மதியச் சாப்பாட்டை அக்காவும் நாத்தனாரும் கீழேயிருந்து கொண்டுவருவார்கள். சோறு, கீரை, அவித்த முட்டை. சுண்ணாம்பு நெடிக்கு நடுவே சாப்பிட முதுகைக் காற்றுக்குக் காட்டி உட்கார வேண்டும். மூடின சுரங்கங்களைப் பார்க்கிற சர்க்கார் ஆபீஸில் கொடுத்தனுப்பிய உறையை அப்போதுதான் நீட்டினேன்.

"மாமா, கையெழுத்துப் போட்டு ஒரு தாளைத் திருப்பிக் குடுக்கணுமாம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தாளை எடுத்தார். உதடு அசைய அசையப் படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"'தொடர்ந்து முப்பத்தாறு மாதங்கள் திருப்திகரமான அளவீடுகள் பெறப்பட்டமையால்...' கேட்டியா? திருப்திகரமான! முப்பத்தாறும்!"

"அண்ணி, அண்ணன் பாஸாயிட்டாரு!" என்றார் நாத்தனார். "எட்டாவதுல மூணு தடவை உக்காந்தும் வராதது இப்ப வந்துருச்சு. ரெண்டு முட்டையா வைங்க."

பால்காரருக்கு அந்தக் கிண்டல்கூட இனித்தது. கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் மாதவாரியாக எண்களை எழுதி வைத்திருந்தார். ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஒன்பது, எட்டு. மாதாமாதம் தண்ணீர் எடுக்க வருகிற பாட்டில் மேடம் அதன் புளிப்பை அளந்து சொல்லும் எண்கள். ஏழுக்கும் எட்டுக்கும் பக்கத்தில் இருந்தால் நல்ல தண்ணீர். மூன்று, நாலு என்றால் விஷம். அவர் சுவரில் மூன்றே கிடையாது.

அக்கா இரண்டாவது தாளைப் படித்துக்கொண்டிருந்தார். முகம் மாறிக்கொண்டே வந்தது.

"என்னங்க இது? 'மேற்படி சுரங்கத்தின் நீர் தானாகவே சீரடைந்துவிட்டபடியால் மாத இறுதியுடன் சுண்ணாம்பு வழங்கல் நிறுத்தப்படும். பணியாளர் வேறிடத்துக்கு மாற்றப்படுவார்.'"

"எங்க, காட்டு."

"தானா சீரடைஞ்சுதாம்ல! அப்ப நீங்க ஒன்பது வருஷமா இங்க ஈ ஓட்டிட்டா இருந்தீங்க?"

"தப்பா அடிச்சுட்டானுங்க போல. சொன்னா மாத்திடுவாங்க."

"சுண்ணாம்பு நின்னா என் கூடம் நாலே நாள்ல போச்சு. உங்களுக்குப் புரியுதா இல்லையா?" அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இருங்க. மேடம் ரெண்டு பாட்டில்தானே எடுப்பாங்க? மேல சுரங்க வாயில ஒண்ணு, கீழ மூணாவது குளத்துல ஒண்ணு. மேல் பாட்டில் கெட்டதுன்னு காட்டியிருக்குமே. அப்புறம் எப்படித் தானா சீரடைஞ்சதுன்னு எழுதுவாங்க?"

பால்காரர் தம்ளரைக் கழுவ எழுந்தார். அதில் அவர் இன்னும் தண்ணீரே குடித்திருக்கவில்லை.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"மேடத்துக்கு முழங்கால் வலி. இருநூறு படி எப்படி ஏறுவாங்க? நீங்க உக்காந்து டீ குடிங்க மேடம், நான் எடுத்தாறேன்னு சொன்னேன்."

"சரி. எடுத்தாந்தீங்களா?"

"முதல் ரெண்டு மாசம் எடுத்தாந்தேன். ரெண்டு புள்ளி ஒன்பதுன்னு எழுதினாங்க. சிவப்பு மையில, கீழ கோடு வேற போட்டு. பக்கத்துலயே என் பேரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அதுக்கு?"

"அதுக்கப்புறம் ரெண்டு பாட்டிலையும் மூணாவது குளத்துலயே புடிச்சுட்டேன்."

அக்கா தாளைக் கீழே வைத்தார்.

"ரெண்டையுமா?"

"அங்கதானே இவளே, தண்ணி நல்லாருக்கு."

"ஐயோ, கடவுளே!" அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "பரீட்சை உங்களுக்கு இல்லீங்க, தண்ணிக்கு! அது ஃபெயில்னு தெரிஞ்சாதானே உங்களை இங்க வச்சிருப்பான்? நோயாளிக்கு நோயே இல்லைன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, டாக்டர் வேலை பாத்திருக்கீங்களே!"

"வீட்டுக்கு வந்தவங்ககிட்ட யாராவது கக்கூஸைக் காட்டுவாங்களா?" என்றார் அவர், மெதுவாக.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! ஆனால் அந்த மனிதரைத் திட்டவும் வாய் வரவில்லை. ஒரு நாள் லீவு போட்டதில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து எண்ணெய் தடவியே காலம் தள்ளுகிறவர். இப்படிப்பட்ட ஆளுக்குத்தான் இப்படிப்பட்ட புத்தி வருமோ என்னவோ.

வியாழக்கிழமை மூவரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். முன்னிருக்கையில் நாலு பேர், கண்ணாடியை ஏற்றினால் மூச்சு முட்டும், இறக்கினால் தூறல் அடிக்கும். அங்கே முதல் ஜன்னலில் இரண்டாவது ஜன்னலுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவது ஜன்னலில் ஆள் சாப்பிடப் போயிருந்தார். திரும்பி வந்தவர், இது மாடி சமாச்சாரம் என்றார். மாடியில் உட்கார்ந்திருந்த அதிகாரி சின்ன வயசு. இஸ்திரி கலையாத சட்டை. வாங்க, உட்காருங்க என்று அவ்வளவு மரியாதை. அவமரியாதை செய்கிறவனிடம் சண்டையாவது போடலாம். இந்த மாதிரி ஆளிடம் என்ன செய்வது?

"சுண்ணாம்பை நிறுத்தக் கூடாதுங்க சார்," என்றார் அக்கா.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "கடைசிக் குளத்துல தண்ணி இப்ப எப்படிம்மா இருக்கு?"

"நல்லாருக்கு சார். ஏன்னா சுண்ணாம்பு போடறோம்."

"நல்லாருக்குல்ல? அப்ப சுண்ணாம்பு எதுக்கு?"

"போடலைன்னா கெட்டுடும் சார்."

"கெட்டா வந்து சொல்லுங்கம்மா. சுண்ணாம்பு குடுக்கற பட்டியல்ல திரும்பச் சேர்க்க வழி இருக்கு. மனு குடுக்கணும், ஆய்வு நடக்கும், அப்புறம் குழு கூடும். ரெண்டு வருஷம், மிஞ்சிப் போனா மூணு."

"ரெண்டு வருஷமா? நாலு நாள்ல கெட்டுப்போற தண்ணிக்கு ரெண்டு வருஷமா?"

"கெடும்னு நீங்க சொல்றீங்க. கோப்பு அப்படிச் சொல்லலையேம்மா."

"கோப்பா சார் துணி துவைக்குது?" என்றார் நாத்தனார். அக்கா அவர் தொடையில் கிள்ளினார்.

பால்காரர் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தபடி சொன்னார்: "சார், ரெண்டு பாட்டிலும் ஒரே எடத்துத் தண்ணி. நான்தான் புடிச்சேன். மேல் தண்ணி விஷம். மேடம் மேல ஏறவே இல்ல, அவங்களுக்குக் கால் வலி."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் அக்கறை தெரிந்தது.

"இதை எழுதிக் குடுக்கறீங்களா?"

"குடுத்தா சுண்ணாம்பு நிக்காதுங்களா?"

"அது வேற கோப்பு. இது உங்க மேல நடவடிக்கை எடுக்கறதுக்கு. அந்த மேடம் மேலயும்."

"தண்ணிக்கு?"

"தண்ணிக்கு இது போதாதுங்க. இப்ப மூடறதுக்குக் கடைசிக் குளத்து அளவுதான் கணக்கு. அது நிஜமாவே நல்லாத்தானே இருக்கு? நீங்களே சொல்றீங்களே."

ஆப்பசைத்த குரங்கு கதைதான். வாலை நாங்களே கொண்டுபோய்ச் செருகியிருக்கிறோம். என் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அந்தப் பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது.

நாங்கள் எழுந்து கதவு வரை போன பிறகு அவராகவே கூப்பிட்டார். "இருபத்தெட்டாம் தேதி இன்னும் ஒரு மாதிரி எடுக்கணும். மூடறதுக்கு முன்னாடி கடைசி மாதிரி. மூணாவது குளத்துல மட்டும். அது தப்பா வந்தா உத்தரவு நின்னுடும். அப்புறம் மூணு வருஷம் மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போம். விதியில இருக்கு, சொல்றேன். வேற எதுவும் நான் சொல்லலை."

மூவரையும் ஏற்றிக்கொண்டு லாரியைத் திருப்பினேன். மேட்டில் கியர் மாற்றும்போது அக்கா சொன்னார்: "இருபத்தி நாலாம் தேதி காலையில சுண்ணாம்பை நிறுத்திடுங்க. நாலு நாள்ல மேல் தண்ணி மூணாவது குளத்துக்கு வந்துடும். இருபத்தெட்டாம் தேதி மேடம் வந்து பாக்கட்டும்."

"முடியாது."

"ஏன் முடியாது?"

"கெட்ட தண்ணியை நான் வெளிய விடமாட்டேன். என் கையால முடியாது."

"நாலு நாள் விடமாட்டேன்னு சொல்லி மூணு வருஷம் விடப்போறீங்களா? அப்ப விடறது யாரு? நீங்கதான் வேற எங்கேயோ போயிருப்பீங்களே, பாக்கவே வேணாம்!"

"கீழ தோட்டம் போட்டிருக்கிறவங்க இருக்காங்க. மாடு தண்ணி குடிக்குது."

"நான் வீடு வீடா போய்ச் சொல்றேன். புடிச்சு வச்சுக்கட்டும். மாட்டைக் கட்டிப் போடட்டும். என் மோட்டாரை நானே நிறுத்தறேன். நஷ்டம் மொதல்ல எனக்குத்தான், நானே சொல்றேன், அப்புறம் என்ன உங்களுக்கு?"

"அண்ணே, அண்ணி சொல்றதைக் கேளு," என்றார் நாத்தனார். அவர் கிண்டல் இல்லாமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

பால்காரர் கடைசியில் தலையை ஆட்டினார். அது சரி என்றா, லாரி குலுங்கியதாலா என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

இருபத்தி நாலாம் தேதி சுண்ணாம்பு நின்றது. மறுநாள் நான் மூட்டையோடு போனபோது முதல் குளம் கடுந்தேநீராகிவிட்டிருந்தது. சுண்ணாம்பைக் கலக்கும் மோட்டார் ஓடாததால் கொட்டகையில் ஈ பறக்கும் சத்தம் கேட்டது. பால்காரர் குளக்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்ளர்.

"எண்ணிப் பார்த்தேன் தம்பி. முந்நூறு எண்ணியாச்சு. ஒண்ணும் இறங்கல."

"இறங்கக் கூடாதுன்னுதானே மாமா நிறுத்தியிருக்கு?"

"தெரியும். சும்மா எண்ணினேன்."

கீழே சலவைக்கூடத்தில் வேறு ஓட்டம். கெட்ட தண்ணீர் ஓடைக்கு வருவதற்குள் ஒரு வாரத்துத் துணியையும் வெளுத்துவிட வேண்டும் என்று அக்கா ஆஸ்பத்திரி அழுக்கு முழுவதையும் அள்ளி வந்திருந்தார். கொப்பரையில் விரிப்புகள் கொதித்தன. நாத்தனார் கட்டையால் கிண்டிக் கிண்டித் தூக்கிப் போட, அக்கா அலசினார். சுண்ணாம்புத் தண்ணீரில் சோப்பு சுலபத்தில் நுரைக்காது. ஒன்பது வருடமாக அதற்காகப் புருஷனைத் திட்டியவர், அன்றைக்குத் திட்டவில்லை. வானமோ மூடிக்கிடந்தது, காயவே இல்லை. கொடியில் இடம் போதாமல் வேலி, ஜன்னல் கம்பி, என் லாரியின் பக்கப் பலகை வரை விரிப்பு தொங்கியது. முறுக்கிப் பிழிய ஆள் போதாமல் என்னையும் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார்கள். ஈர விரிப்பு ஒன்று என்ன கனம் என்கிறீர்கள்! பத்தாவது விரிப்பில் என் தோள் கழன்றுவிட்டது. அவர்கள் இருநூறு பிழிந்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னீங்க அக்கா?"

"மோட்டார் ரிப்பேர், பத்து நாள் ஆகும்னேன். பத்து நாள்தான் பொறுப்பாங்களாம். பதினோராவது நாள் வேற ஆளாம்." முழங்கையால் நெற்றி மயிரை ஒதுக்கினார். "அவரு சாப்பிட்டாரா, பாத்தியா?"

"தெரியல அக்கா. டப்பா திறக்காம இருந்துச்சு."

"நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனோட குடும்பம் நடத்திப் பாரு, அப்பத் தெரியும்."

வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி மூட்டைத் துணியை அக்காவும் நாத்தனாரும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மோட்டாரை நிறுத்தி, குழாயைச் சாக்கால் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை இருபத்தெட்டு. எனக்கும் அதுதான் கடைசி லோடு. காலை எட்டு மணிக்கு நான் போனபோது அக்காவும் நாத்தனாரும் மதகில் நின்றிருந்தார்கள், பால்காரர் சற்றுத் தள்ளிக் குளக்கரையில். பாட்டில் மேடம் கைப்பெட்டியோடு, சாலையிலிருந்து ஒரு காலைத் தாங்கித் தாங்கி இறங்கி வந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிற அம்மாள், கொஞ்சம் பருமன், அதட்டத் தெரியாத குரல். ஆபீஸில் பால்காரர் சொன்னது இவர் காது வரை போயிருந்தது. யார் முகத்தையும் நேராகப் பார்க்கவில்லை.

நான் லாரியிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தேன். முதல் குளம் சிவப்பு. இரண்டாவது குளமும் சிவப்பு. மூன்றாவது குளத்தில் தரையில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம்.

மேடம் பாட்டிலை முக்கி எடுத்து, மீட்டரை விட்டார். "ஏழு புள்ளி ஆறு."

அக்கா திரும்பிப் புருஷனைப் பார்த்தார். பிறகு அவர் காலைப் பார்த்தார். முழங்கால் வரை வெள்ளை.

"என்ன பண்ணினீங்க?"

"நேத்து சாயங்காலம் வந்து பாத்தேன். சிவப்பு மதகு வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. ஒரு சாண்தான் பாக்கி." காலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தேய்த்தார். "கை சும்மா இருக்கல இவளே. மூணாவது குளத்துல மட்டும் நேரா ஏழு மூட்டை கொட்டிட்டேன்."

"அண்ணே!" நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நாலு நாள்," என்றார். "முதுகு ஒடிய நாலு நாள். ஊரெல்லாம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டுத் தண்ணி எடுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். இந்த ஒரு பாட்டிலுக்காக. உங்களுக்கு நான் பெரிசா, இந்தக் குளம் பெரிசா?" கண்ணில் தண்ணீர் தளும்பியது. அதைத் துடைக்கக்கூட இல்லை. மேடத்தின் பெட்டியிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று முதல் குளத்துக்கு ஏறினார். மண்டியிட்டு முக்கினார். இறங்கி வந்து, நல்ல தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே மதகுக் கட்டையில் வைத்தார். ஒன்று பச்சைத் தண்ணீர், ஒன்று துரு.

"மேடம், நேத்து இவர் கைய வச்சிட்டுச் சும்மா இருந்திருந்தா இந்நேரம் இங்க இதுதான் நின்னிருக்கும். சுண்ணாம்பு நின்னா அடுத்த வாரம் இதுதான் நிக்கும். எது நிஜம்னு உங்களுக்குத் தெரியும்."

மேடம் இரண்டு பாட்டிலையும் ரொம்ப நேரம் பார்த்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "மேலேர்ந்து வர்ற தண்ணியை நான் இன்னைக்குத்தான்ம்மா பாக்கறேன்," என்றார். "மாசாமாசம் நானே எடுத்ததா கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அப்ப எழுதுங்க மேடம்."

"எனக்குத் தெரியறது போதாது. எந்தப் பாட்டில் மூணாவது குளத்துத் தண்ணின்னு பணியாளர் சொல்லிக் கையெழுத்துப் போடணும். படிவம் அப்படி." பால்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க எதைக் காட்டறீங்களோ அதுல சீட்டு ஒட்டறேன். நான் எதையும் பாக்கல, கால் வலின்னு உக்காந்திருந்தேன்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம். சே, என்ன மனுஷனய்யா! ஒரு விரலை நீட்டினால் போதும். அவரோ அந்த நல்ல பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு புள்ளி ஆறு, ஒரே ராத்திரியில், கருவி இல்லாமல், வெறும் கைக்கணக்கில். உலகத்தில் வேறு எவனுக்கும் அது வராது. எனக்கு அவரைப் பிடித்து அந்தக் குளத்திலேயே தள்ளலாமா என்றுதான் இருந்தது. அக்கா கெஞ்சவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நாலு நாள் ஊறி வெளுத்துப்போன கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதுதான் மேடம்," என்றார் பால்காரர். துருப் பாட்டிலைத் தொட்டார். "என் மூணாவது குளத்துத் தண்ணி இதுதான்."

மேடம் மீட்டரை விட்டார். மூன்று புள்ளி ஒன்று. எழுதினார். நல்ல பாட்டிலைப் பால்காரரே எடுத்து, மெதுவாகச் சாய்த்துக் குளத்தில் ஊற்றினார்.

"இன்னும் ஒரு கட்டம் இருக்கு," என்றார் மேடம். "அளவு தவறினதுக்குக் காரணம் எழுதணும். வேணும்னே நிறுத்தினதா எழுதினா இந்த மாதிரி செல்லாது. மழை பெய்யல. மோட்டார் ரிப்பேர் இல்ல. சுண்ணாம்பு லாரியும் வந்து நிக்குது. என்ன எழுதட்டும்?"

லாரி கோளாறு என்று என்மேல் எழுதச் சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது.

பால்காரர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பேனாவுக்காக நீட்டினார்.

"ஆளு சரியில்லைன்னு எழுதுங்க மேடம்," என்றார். "கையெழுத்துப் போடறேன்."